ரசமட்டம் செய்த பெஞ்சுகள்

உலகத்தில் எதுவுமே நேராக இல்லை என்பதை நிரூபிக்கவே பிறந்தவன் எங்கள் ரசமட்டம். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்க்கும், நடுவில் குமிழி ஓடும் கருவிதான் ரசமட்டம். அதைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்ததால் அந்தப் பெயர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சிவில் எஞ்சினியரிங் மாணவன். ஹோட்டலில் தோசை வந்தாலும் முதலில் மேஜையைத்தான் அளப்பான்.

லண்டனில், கோலியர்ஸ் வுட் பகுதியில் ஒரே வீட்டில் நாங்கள் ஐந்து மாணவர்கள். கோடை விடுமுறையில் உகாண்டாவில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளிக்குப் பெஞ்ச் செய்து கொடுக்கப் போவதாக ஏற்பாடு. அங்கே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். மழைக்காலத்தில் அந்தத் தரை நனைந்துவிடும்.

ரசமட்டம் எங்கள் ஹாலிலேயே மாதிரிக்கு ஒரு பெஞ்ச் செய்தான்; அவன் பேச்சில் அது ‘வாங்கு’. எங்கள் நால்வரையும் அதில் உட்காரவைத்தான்.

“சின்னப் பிள்ளையள் இப்பிடிச் சிலை மாதிரியே இருக்குங்கள்? நெளியுங்கோ. கிள்ளுங்கோ.”

முதுநிலை மாணவர்கள் நான்கு பேர் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

“என்ன தம்பி இது?”

“ஆபிரிக்காவுக்கு அண்ணை.”

அவர் பெஞ்சையும் பார்த்தார், வாசலையும் பார்த்தார். “கதவாலையே போகாது. ஆபிரிக்காவுக்கு எப்பிடிப் போகும்?”

“வாங்கு போகேல்லை அண்ணை. அறிவுதான் போகுது.”

அறிவு போய்ச் சேர்ந்தது. ஊர்த் தச்சரோடு சேர்ந்து எட்டே நாளில் பன்னிரண்டு பெஞ்சுகள் முடித்தோம். முதல் பெஞ்சில் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஐந்து பேரும் மெல்ல வாசல் பக்கம் வழுக்கினார்கள். கடைசிப் பையன் கீழே விழுந்தான்.

ரசமட்டம் தரையில் குமிழியை வைத்துப் பார்த்தான். முகம் மாறியது. “வாங்கு சரி. தரைதான் பிழை. உடைக்க வேணும்.”

“டேய், இருக்கிறதே மூணு நாள்டா,” என்றேன். அவன் அதற்குள் கடப்பாரை கேட்கப் போய்விட்டான்.

தலைமை ஆசிரியை சிரித்தார். ஜன்னல் வழியே வரும் மழைநீர் வாசல் பக்கமாக ஓடிவிடட்டும் என்று அவர்தான் ஆள் வைத்துத் தரையைச் சரித்துப் போட்டிருந்தாராம்.

ரசமட்டம் கருவியைப் பைக்குள் போட்டுவிட்டான். பிறகு என்னிடம், “மச்சான், மனுசி என்னைவிட நல்ல எஞ்சினியர். வாளை எடு,” என்றான். அவன் ஊரில் வாள் என்றால் ரம்பம். மேட்டுப் பக்கத்துக் கால்களையெல்லாம் அறுத்துக் குறைத்தோம். உள்ளங்கையில் தோல் மிஞ்சவில்லை.

கடைசி நாள் காலை பெஞ்சுகள் தராசு போல் மட்டமாக நின்றன. ஒரு சிறுமி தன் பெஞ்சை வெறுமனே முனை மாற்றித் திருப்பிப் போட்டாள். குட்டைக் கால்கள் பள்ளத்துக்கு வந்தன. சரிவு இரண்டு மடங்கானது. அவள் ஏறி உட்கார்ந்து சர்ரென்று வழுக்கினாள். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு பெஞ்சுகளும் சறுக்குமரம். வாசலருகே பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்து சிரித்தார்கள்.

ரசமட்டம் அழுதுவிடுவான் என்றே நினைத்தேன்.

“வாங்கிலை ஒரு காலும் முறியேல்லை, பாத்தியே?” என்றான். அந்தச் சிறுமி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். ஆறடி மனிதன் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வழுக்கிப் போய்க் குவியலில் விழுந்தான். திரும்ப ஓடிவந்து வரிசையில் நின்றான்.

திரும்பும் விமானத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். லண்டன் வரும்வரை என் கை மரத்துப்போய்க் கிடந்தது. நான் அசையவில்லை.