சிறுமலைக்குப் போன கொழுப்பு

மலையேறப் போவதாக முகைதீன் பிச்சை அறிவித்தபோது ராபியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால்தான், வேறு காரணம் இல்லை.

"எந்த மலை?"

"சிறுமலை, திண்டுக்கல் பக்கம். நானும் நாசரும் சேதுபதியும். பகல்ல ஏறி இறங்கிட்டு, ராத்திரி அங்கேயே தங்கிட்டு வாரோம். டாக்டர்தானே நடக்கச் சொன்னாரு?"

டாக்டர் சொன்னது உண்மை. காரைக்குடியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் பிச்சைக்கு உடம்பில் கொழுப்பு கூடிவிட்டது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. "இதுக்கு ரத்தம் வேற எடுக்கணுமாக்கும்? என்னைக் கேட்டிருந்தா நிக்காஹ் அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றாள் ராபியா. அன்றோடு வீட்டில் கறி நின்றது. பெருநாளன்று தெருவே மணந்தது. பிச்சை வீட்டில் மட்டும் சுரைக்காய் வெந்தது.

ஆகவே மலையேற்றம் என்பது வெளிப்பேச்சு. உள்விஷயம் வேறு. சிறுமலையில் நாசருக்குத் தெரிந்த விடுதி ஒன்று இருந்தது. முன்கூட்டியே சொல்லிவைத்தால் விறகடுப்பில் ஆட்டுக்கறி பிரியாணி ஆக்கித் தருவார்கள். கார் வாசல்வரை போகும். மூன்று பேரும் ஏறப்போவது கட்டில்மேல்தான்.

ராபியா மறித்தால் சொல்வதற்குப் பத்துப் பதினைந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தார் பிச்சை. ஒன்றுக்கும் வேலை வரவில்லை. "நல்ல காரியம். போயிட்டு வாங்க" என்றாள். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அது மறுநாள் விடியும்வரை இருந்தது.

விடிந்ததும் எழுப்பினாள். கையில் புது ஷூ.

"எதுக்கு புள்ள இது?"

"புது ஷூவோட மலையேறுனா காலு கொப்பளிச்சுப் போகும். இப்பவே போட்டுப் பழகணும். செக்காலை வரைக்கும் நடந்துட்டு வாங்க. போனை இங்குட்டு வச்சுட்டுப் போங்க. அதைப் பாத்துக்கிட்டே நடந்தா இடறி விழுவீக."

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். பிச்சையின் பொய்க்கு இரண்டு கால் முளைத்து, இரண்டிலும் கொப்புளம் வந்தது.

நடை முடிந்தால் சுமை. தோள்பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்து மாட்டிவிட்டு மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னாள். திடீரென்று சுமந்தால் முதுகு பிடித்துக்கொள்ளுமாம். மழைக்கோட்டு வந்தது. டார்ச் வந்தது. அட்டை கடித்தால் போட ஒரு பொட்டலம் உப்பு வந்தது. மலைக்குப் போகுமுன்பே மனிதர் மலைத்துப்போனார்.

"இந்த விசில் எதுக்கு?"

"வழி தவறிட்டா ஊதுங்க. யாராச்சும் வருவாக."

"யாரும் வரலைன்னா?"

"மூச்சுப் பயிற்சி. ஊதிக்கிட்டே இருங்க."

நாசர் வீட்டிலும் சேதுபதி வீட்டிலும் இதே கதி. ராபியா போன் போட்டு அந்த வீட்டுப் பெண்களுக்கும் பாடம் எடுத்திருந்தாள். "என் முட்டி கழண்டு கையில வந்துரும்போல இருக்குப்பா" என்று சேதுபதி புலம்பினார். "பொறுத்தார் பிரியாணி ஆள்வார்" என்று தேற்றினார் பிச்சை.

அந்த நாளும் வந்தது. கார் வளைந்து வளைந்து மலையேறி விடுதி வாசலில் நின்றது. விறகுப் புகை வந்தது. பட்டை கிராம்பு வாசனை வந்தது. கூடவே தொப்பி போட்ட ஒருவனும் வந்தான்.

"பிச்சை அண்ணன் யாருங்க? நான் பாண்டிமுருகன், இந்த மலைக்கு வழிகாட்டி. ராபியா அக்காவும் எங்க அக்காவும் ஒண்ணாப் படிச்சவங்க. உங்களைப் பத்திரமா ஏத்தி இறக்குறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். கிளம்புவமா?"

பிச்சை வானத்தைப் பார்த்தார். "மழை வரும்போல இருக்கே தம்பி."

"மழைக்கோட்டு இருக்குல்ல?"

"சேதுபதிக்கு முட்டி வலி."

"பழகிட்டுத்தான் வர்றாங்கன்னு அக்கா சொன்னாங்களே. மெதுவாப் போவோம். வனத்துறை அனுமதியும் வாங்கியாச்சு."

ஏறினார்கள். வாழைத் தோட்டம்வரை நடந்தார்கள். பாறை வந்ததும் தவழ்ந்தார்கள். நாசரை அட்டை கடித்தது. பழகிய ஷூ மட்டும் யாரையும் கடிக்கவில்லை. உச்சியில் மேகம் காலடியில் மிதந்தது. "எப்படிண்ணே காட்சி?" என்றான் பாண்டிமுருகன். மூவரும் பார்த்தது, கீழே விடுதிக் கூரைமேல் எழுந்த புகையை.

சாயங்காலம் மூன்று முதுகுகளும் வளைந்து விடுதிக்குத் திரும்பின. தாழ்வாரத்தில் ராபியா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாசரின் பெனாசிர், சேதுபதியின் மீனாள். மூன்று வாயும் பீடா மென்றன. கழுவிய அண்டா ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பூனை ஒன்று எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

"நீ எப்ப வந்த?"

"மலையில உங்களுக்கு ஏதாச்சும் ஆனா, கிட்டக்க ஆள் வேணும்ல? அதான் மூணு பேரும் கார் பிடிச்சு வந்துட்டோம்."

விடுதிக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "எத்தனை பேருக்கு ஆக்கணும்னு கேட்க ஒருநாள் காலையில உங்க நம்பருக்குப் போன் பண்ணேன் சார். நீங்க நடக்கப் போயிருக்கீங்கன்னு அக்காதான் எடுத்தாங்க. மூணு பேருக்குன்னு சொல்லிட்டாங்க."

பிச்சைக்கு எல்லாம் புரிந்தது. வயிறு மட்டும் புரியாமல் கத்தியது.

"என்னங்க, முகம் வாடியிருக்கு? இங்க வேற ஏதும் எதிர்பார்த்து வந்தீகளா?" என்றாள் ராபியா, தேனொழுக.

பிச்சை நாசரைப் பார்த்தார். நாசர் சேதுபதியைப் பார்த்தார். சேதுபதி பூனையைப் பார்த்தார்.

"சேச்சே. மலையேறத்தானே வந்தோம்? மலைன்னா எங்களுக்கு உசுரு" என்றார் பிச்சை.

ராபியா திரும்பினாள். "தம்பி பாண்டிமுருகா! கேட்டுக்கிட்டியா? நாளைக்கும் ஏத்திரு."