திரைச்சீலையில் நாலு விரல்

மூளை ஆய்வுப் பத்திரிகையின் ஆசிரியர் அவர்களின் மேலான பார்வைக்கு,

நில அளவை அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்ற ஒருவன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டாரும் அலுவலகத்தாரும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி இன்னும் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆகையால் வரி கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

தங்களிடம் என் மகளின் கட்டுரை ஒன்று இருக்கிறது. எலியின் மூளை இடத்தை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பது பற்றியது. அடுத்த இதழில் வரப்போகிறது. அதை நிறுத்திவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். பெற்ற தகப்பனே மகள் வாயில் மண்ணைப் போடுவானா என்று நினைப்பீர்கள். போடவேண்டியதாகிவிட்டது ஐயா. முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் மகள் வீட்டில்தான் இருக்கிறோம். யாரும் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் நான் உட்கார்ந்திருக்கும் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள். மாப்பிள்ளை தங்கமானவர், அவரே ஒரு நாள் என்னை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போய், சாப்பிட்டு, திரும்பி வந்து கதவைத் திறந்து, "மாமா, நீங்க எங்ககூட வரலையா?" என்று கேட்டார். என் மனைவி, "பின் சீட்ல இருக்கீங்கன்னு நினைச்சேங்க" என்றாள். பின் சீட்டில் இருந்தது குடை. இதைக் கேட்டு மனசு பொறுக்காமல்தான் மகள் என்னைத் தினமும் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தாள்.

அந்த அறையைத் தாங்கள் பார்த்ததில்லை. நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு வட்டத் தொட்டி. அதைச் சுற்றிக் கூரையிலிருந்து தரைவரை கறுப்புத் திரைச்சீலை. திரையின் உள்பக்கம் ஒரே ஒரு வெள்ளை அட்டை. தொட்டிக்குள் எலி, அதன் தலையில் முடியைவிட மெல்லிய கம்பிகள். எலி ஓடும்போது ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் மூளையில் ஒரு செல் துடிக்கும், அது ஒலிபெருக்கியில் டொக் டொக் என்று கேட்கும். இன்னோர் இடத்துக்கு இன்னொரு செல். ஆக, தொட்டி முழுவதற்கும் எலியின் தலைக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது. நான் முப்பத்துநாலு வருடம் வெயிலில் காய்ந்து செய்ததை அது பத்து நிமிடத்தில் செய்துவிடுகிறது, பயணப்படிகூடக் கேட்பதில்லை.

மற்றவர்களின் எலிகள் அந்த வெள்ளை அட்டையைப் பார்த்துத்தான் திசை வைத்துக்கொள்ளுமாம். அட்டையைத் திருப்பி மாட்டினால் வரைபடமும் கூடவே திரும்புமாம். என் மகளின் எலிகள் மட்டும் மசியவில்லை. அட்டையைக் கிழக்கே மாட்டு, மேற்கே மாட்டு, கழற்றியே எறி, வரைபடம் இருந்த இடத்தில் இருந்தது. வெளியடையாளம் எதுவும் இல்லாமலே ஞாபகம் திசையைப் பிடித்துவைக்கிறது என்று அவள் நாலு வருடம் உழைத்து எழுதினாள். அவள் வேலை நிரந்தரமாவதும் அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருக்கிறது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். சோதனை நடக்கும்போது மகள் அடுத்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பாள். என்னைத் திரைக்கு வெளியே தெற்கு மூலையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "அப்பா, சும்மா உக்காந்திருங்க, எதையும் தொடாதீங்க" என்றாள். அரசாங்க உத்தியோகம் பார்த்தவனுக்குச் சும்மா உட்காரத் தெரியாதா? ஆனால் கறுப்புத் துணியையே எத்தனை நாள் வெறித்துப் பார்ப்பது? இரண்டாம் நாளே நாலு விரல் விலக்கிவிட்டேன். உள்ளே ஹெட்கிளார்க். அது நான் எலிக்கு வைத்த பெயர், ஏனென்றால் முன்னால் ஏதாவது விழுந்தால்தான் நகரும். பிஸ்கட் தூள் விழ விழ ஓடும், நடுவில் நின்று இடைவெளி வழியாக என்னைப் பார்த்து மூக்கைத் தூக்கும், நான் தொண்டையைக் கனைப்பேன். அந்த ஹெட்கிளார்க் போனதும் அடுத்த ஹெட்கிளார்க் வந்தது. நாலு வருடம், அதே மூலை, அதே நாலு விரல், அதே கனைப்பு. கேட்டுத் திறந்திருக்கலாம். வேண்டாம் என்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை.

போன மாதம் எனக்குக் கண் ஆபரேஷன். எட்டு நாள் போகவில்லை. அந்த நேரம் பார்த்துத் தங்களுடைய இரண்டாவது மதிப்பீட்டாளர், கடைசியாக ஒரு தரம் சோதனையைத் திரும்பச் செய்து எண்களை அனுப்பச் சொன்னாராம். செய்தாள். அட்டையைத் திருப்பினாள், வரைபடமும் சாதுவாகக் கூடவே திரும்பிவிட்டது. எட்டு நாளும் அப்படித்தான். கம்பியை மாற்றினாள், மெஷினை மாற்றினாள், வீட்டில் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே, "எலிக்கு என்னமோ ஆயிடுச்சும்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். ஒன்பதாம் நாள் நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன், நாலு விரல் விலக்கினேன், கனைத்தேன். அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து, "அப்பா, சரியாயிடுச்சுப்பா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த எட்டு நாளும் அங்கே இல்லாதது நான் ஒருவன்தானே என்று கணக்குப் போட்டேன். மறுநாள் திரையை மூடிவைத்துவிட்டு அடுத்த அறைக் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன், வரைபடம் அட்டையோடு போய்விட்டது. திறந்தேன், திரும்பி வந்துவிட்டது. மூன்று தரம் பார்த்தேன் ஐயா, ஒரு தரம் அளந்ததை நம்பும் வழக்கம் எங்கள் துறையில் கிடையாது.

எல்லையை அசையாத கல்லிலிருந்து அளக்கவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நின்றுகொண்டிருந்த லாரியைக் குறியாக வைத்து ஒரு காலிமனையை அளந்துவிட்டேன். லாரி கிளம்பிப் போனது, மனையின் எல்லையும் கூடவே போனது. என் மகள் விஷயத்தில் அந்த லாரி நான்தான். அவளோ அந்த எட்டு நாளையும் மெஷின் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். விஷயம் புரிந்தபோது முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். வீட்டில் நானும் குடையும் ஒன்று, இங்கே ஒரு ஜீவன் தன் உலகத்தையே என்னை வைத்து அளந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்கு என் பெண்ணின் நாலு வருடம் போயிற்றே என்று பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அவளிடம் சொல்லப் பார்த்தேன். "அம்மாடி, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால், "கண்ணு வலிக்குதாப்பா?" என்றாள். ஆமாம் என்றுவிட்டேன். மறுநாளும் ஆமாம் என்றேன். மூன்றாம் நாள் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டாள், சொட்டு மருந்து இரண்டு மடங்காகிவிட்டது. ஆகவே தாங்களே அவளுக்கு எழுதிவிடுங்கள். மறுத்து எழுதுவது தங்களுக்குக் கைவந்த கலை, "வருந்துகிறோம்" என்று ஆரம்பிக்கிற மாதிரிக் கடிதம் ஒன்று தயாராகவே இருக்கும். தப்பு அவளுடையது இல்லை, ஒரு கிழவனுடையது என்று நயமாகச் சொல்லுங்கள். எந்தக் கிழவன் என்று மட்டும் சொல்லவேண்டாம்.

தங்கள் பத்திரிகை நூறு வருடம் தடையில்லாமல் நடக்கட்டும். மதிப்பீட்டாளர்கள் எல்லோரும், அந்த இரண்டாமவர் உட்பட, நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தெற்கு மூலை நாற்காலிக்காரன்

பி.கு.: மேலே எழுதிய எதையும் தாங்கள் செய்யவேண்டாம். தங்கள் விலாசம் எனக்குத் தெரியவில்லை, மகளிடம்தான் கேட்கவேண்டியிருந்தது, அவள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். கட்டுரையை நேற்றே திரும்பப் பெற்றுவிட்டாளாம். "எட்டு நாள் ஏன் மாறிச்சுன்னு தெரியாம எப்படிப்பா போடச் சொல்றது?" என்றாள். வேலை என்ன ஆகும் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். கத்துவாள் என்று பார்த்தால், நோட்டை எடுத்து, "நாலு விரல்னா எத்தனை சென்டிமீட்டர்?" என்றாள். ஏழரை என்றேன். எழுதிக்கொண்டாள். நாளையிலிருந்து புதுச் சோதனையாம். ஒரு நாள் நான் உட்காரவேண்டும், மறுநாள் என் நாற்காலியில் என் எடைக்கு ஒரு மணல் மூட்டை, அதன்மேல் என் அழுக்குச் சட்டை. எலி அடையாளம் வைத்திருப்பது என்னையா, சட்டையையா என்று கண்டுபிடித்தாகவேண்டுமாம். முடிவு வந்ததும் தங்களுக்குத்தான் அனுப்புவாள். சட்டைதான் என்று வந்தால் தாராளமாகப் போடுங்கள், அவள் வேலை நிலைக்கட்டும். அந்த இதழை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள் ஐயா.