எச்சிலில் பிறந்த ஓவியம்

ஜெலாப்பாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் எச்சில் துப்புவதற்கு மூன்று மாதமாகக் கூட்டம் அலைமோதியது. தூரத்துச் சித்தியவானிலிருந்துகூட வேன் பிடித்து வந்தார்கள். தெருவில் துப்பினால் அபராதம். ‘மரபணு ஓவியர்’ ரூபனின் குப்பியில் துப்பினால் அருள்.

உயிரின் முறுக்கேணியை, அதாவது டிஎன்ஏவை, வரைவது நல்ல கலைதான். நான்கே எழுத்துகளில் நம்மையெல்லாம் எழுதி வைத்திருக்கும் அதிசயத்தை யாருக்குத்தான் வரையத் தோன்றாது? ரூபனுக்கு அது போதவில்லை. எச்சிலைப் பார்த்து உங்கள் ஏணியை வரைவாராம். முன்னோர் பாவம் முடிச்சிட்ட படியை வெள்ளிச் சாயத்தால் அவிழ்ப்பாராம். படத்தைச் சாமியறையில் மாட்டினால் நோய் போய்விடுமாம். கிறிஸ்தவர்கள் சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டலாம். ஏமாற்றுவதில் அவருக்கு மதவேறுபாடே கிடையாது.

சர்க்கரை நோய்க்காக வந்த தினேஸ்வரியின் படத்தில் ‘தாத்தா குடித்த கள்’ சிவப்பு முடிச்சாக இருந்தது. மாட்டினாள். அன்றோடு இன்சுலின் ஊசியை நிறுத்தினாள். நான்காம் நாள் மயங்கி விழுந்தாள்.

தூக்கிக்கொண்டு ஓடியவள் பக்கத்து வீட்டு ஷெரில். கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். கண் விழித்த தினேஸ்வரி கேட்டாள்: “படத்த கோணலா மாட்டிட்டேனாக்கா?”

ஷெரிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குப்பியோடு நிரப்பிக் கொடுக்க வேண்டிய ரூபனின் பாரத்தில் இரண்டு கேள்விகள்: எந்த ரப்பர் தோட்டத்துக் குடும்பம்? தாத்தாவுக்கு என்ன வேலை? இதைக் கேட்டால் போதும், நம் ஆட்கள் மூன்று தலைமுறைக் கதையை மார்ஜினிலும் எழுதுவார்கள். ஷெரில் இரண்டு பாரம் நிரப்பி, இரண்டு குப்பிகளோடு தபாலில் அனுப்பினாள். ஒன்று ராக்காயி என்ற பெயரில்: பால்மரம் வெட்டிய குடும்பம், தாத்தா குடிகாரர். இன்னொன்று இசபெல்லா என்ற பெயரில்: தாத்தா தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி.

ஞாயிற்றுக்கிழமை, ரூபனின் மாடியில் கூட்டத்தின் முன்னால் படங்கள் வந்தன. ராக்காயிக்குச் சிவப்பு முடிச்சு. இசபெல்லாவுக்குத் தங்க நிறத்தில் கல்வித் தீபம்.

“ரெண்டுமே என் எச்சில்தான் அண்ணே,” என்றாள் ஷெரில். “காலையில பல்லு விளக்காம துப்புனது.”

ரூபன் அசரவில்லை. “ஒரே ஒடம்புல ரெண்டு பரம்பரை இருக்கும்லா, தங்கச்சி.”

“அப்ப பாரத்த கிழிச்சிருங்க. பேரு, தோட்டம் ஒண்ணும் கேக்காம இங்கயே ஒண்ணு வரைஞ்சி காட்டுங்க.”

ரூபன் தூரிகையை எடுத்தார். வைத்தார். “இன்னிக்கு நேரம் சரியில்ல.”

கூட்டத்தில் இருந்த தினேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “தாத்தா கள்ளு குடிச்சத நான்தானே எழுதிக் குடுத்தேன்,” என்றாள். அவமானத்தில் அவளுக்கு அழுகை வந்தது. யாரோ பின்னறையைத் திறந்தார்கள். திறக்காத குப்பிகள் குப்பைப் பையில் நிறைந்து கிடந்தன.

ரூபன் பின்படியில் இறங்கி ஓடியே போனார்.

மூன்று மாதம், நூற்றுக்கணக்கான வாய்கள். “எப்படி வரையிறீங்க?” என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை. துப்புவதற்கு மட்டும்தானா ஐயா, நமக்கு வாய்?