பதினோரு அறிஞர்களும் ஒரே அக்காவும்

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த வணக்கத்துடன் அக்காவுக்குத் தங்கை எழுதுவது.

இங்கே வீட்டில் அனைவரும் நலம் (நேரில் பார்த்தது, இன்று காலை). அங்கே உன் முழங்கால் வலி பாதி குறைந்துவிட்டது என்றும் (அத்தான், தொலைபேசி, ஞாயிறு), துளியும் குறையவில்லை என்றும் (நீ, அதே தொலைபேசி, ஐந்து நிமிடம் கழித்து) அறிந்தேன். இரண்டு சான்றுகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் முடிவு எதற்கும் வராமல், சீக்கிரம் குணமாக வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். அடைப்புக்குறிகளைப் பார்த்து இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பாய். ஆனதுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய். தாளில் உனக்கு அந்த வசதி கிடையாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்ல கட்டுரை அப்படித்தான் தொடங்க வேண்டுமாம். நான் முதலாம் ஆண்டு தேறிவிட்டேன். நாற்பத்து நான்கு வயதில், உளவியல் வகுப்பில், என் கைப்பையைவிட வயதில் சற்றே மூத்த பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தேறிவிட்டேன். நான் சேர்ந்த அன்று நீ சொன்னது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது: "முதல் வருஷத்தைத் தாண்டுடி, அப்புறம் பேசலாம்." தாண்டிவிட்டேன். பேசுகிறேன்.

தாண்டவிடாமல் குறுக்கே படுத்திருந்தது 'கல்வித் திறன்கள்' என்றொரு தாள். எப்படிப் படிப்பது, எப்படிக் குறிப்பெடுப்பது, சொல்வதை எங்கிருந்து எடுத்தோம் என்று எப்படிக் காட்டுவது, இவ்வளவுதான் அதில் பாடம். ஆனால் அதில் தேறாதவருக்கு இரண்டாம் ஆண்டு கிடையாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவள்தானே, எனக்கு எதற்கு இதெல்லாம் என்று அலட்சியமாகத்தான் போய் உட்கார்ந்தேன். அந்தப் பட்டத்தை நான் வாங்கிய லட்சணம் உனக்குத் தெரியும். பாடநூலை முதல் வரியிலிருந்து கடைசி அட்டையில் இருந்த அச்சகத்தின் முகவரி வரை ஒப்பித்து வாங்கியது. அதனால் 'மனப்பாடம் கற்றலுக்கு உதவுமா?' என்று முதல் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்ததும் எனக்குக் கை பரபரத்தது, இந்த விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று எட்டுப் பக்கம் எழுதித் தள்ளினேன். நடந்துகொண்டே படித்தால் மறக்காது என அறிஞர்கள் கூறுவர். முகம் கழுவிய ஈரம் காய்வதற்குள் படித்தது ஆயுளுக்கும் நிற்கும் என அறிஞர்கள் கூறுவர். சாப்பிட்ட உடனே படித்தால் பாடமும் செரித்துவிடும் என அறிஞர்கள் கூறுவர். பள்ளிக்கூடத்தில் நமக்குக் கற்றுக்கொடுத்ததே அப்படித்தானே, எந்த வாக்கியத்தையும் அறிஞர்கள் தலையில் கட்டிவிட்டால் கட்டுரைக்கு ஒரு கனம் வந்துவிடும்.

கனத்துக்கு முப்பத்தொரு மதிப்பெண் கிடைத்தது. பதினோரு இடத்திலும் அறிஞர்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் 'யார்?' என்று எழுதியிருந்தது.

விரிவுரையாளரின் அறைக்குப் போனேன். என் மகளைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அவரும் இன்னொன்றில் விடைத்தாள் கட்டும் உட்கார்ந்திருந்ததால் நான் நின்றேன்.

"இந்த அறிஞர்கள் எல்லாம் யாருங்க?"

"எங்க அக்கா, மேடம்."

"பதினோரு பேருமா?"

"எல்லாமே அவங்கதான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அவங்க இதுல ஏதாவது ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா?"

"பண்ணியிருக்காங்க. என்மேலதான்."

சிரித்திருந்தால் நான் அழுதிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க அக்கா சொன்னது தப்புன்னு நான் சொல்லல. ஆனா யாருதுன்னே தெரியாம எப்படி எடுத்துக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என்னுடைய வாக்கியம். பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து இரத்த மாதிரிக் குழாய்களை வாங்கி வைத்தவள் நான். பெயர்ச் சீட்டு ஒட்டாமல் வந்த குழாயை, யார் கெஞ்சினாலும், "யாருதுன்னே தெரியாம எப்படி எடுத்துக்கிறது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாதம் முழுக்க வகுப்பில் மண்டையில் ஏறாதது அந்த அறை வாசலில் ஒரு நொடியில் ஏறிவிட்டது. நான் கொண்டுபோய்க் கொடுத்தது சீட்டு ஒட்டாத பதினோரு குழாய்.

அன்று பிடித்த பைத்தியம்தான். கதவைப் பூட்டிவிட்டேன் என்று இவர் சொன்னால் ஆதாரம் கேட்டேன், இப்போது தினமும் பூட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று மகள் ஆரம்பித்தால், எத்தனை வீட்டைப் பார்த்தாய் என்று கேட்கிறேன், அவள் இப்போதெல்லாம் ஆரம்பிப்பதே இல்லை. இதற்கு நடுவில் ஒருநாள், என் மண்டைக்குள் முப்பது வருடமாக இருக்கும் ஒரு வாக்கியத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன்: 'எனக்கு ஒப்பிக்கத்தான் வரும், யோசிக்க வராது.' பக்கத்தில் 'யார்?' என்று எழுதினேன். அப்பா சொன்னதில்லை, ஆசிரியர் யாரும் சொன்னதில்லை, நியாயமாகப் பார்த்தால் நீகூடச் சொன்னதில்லை. யாருடையது என்றே தெரியாத குழாயை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன். குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன்.

கடைசிக் கட்டுரைக்கு நாமே ஒரு சோதனை செய்து எழுதலாம் என்றார்கள். வகுப்பில் பதினாறு பேரைப் பிடித்தேன். அவர்களுக்கு நான் ஆன்ட்டி, ஆன்ட்டி கேட்டதால் தட்ட முடியாமல் வந்தார்கள். இருபது சொற்கள் உள்ள பட்டியல். நான்கு பேர் உட்கார்ந்து படித்தார்கள். நான்கு பேர் உன் முறைப்படி நடைபாதையில் மேலும் கீழும் நடந்து படித்தார்கள், காவலாளி போராட்டம் என்று நினைத்து வந்து, கோரிக்கை என்ன என்று கேட்டார். நான்கு பேர் படித்ததைப் பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மீதி நான்கு பேர் அதைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் ஆறு வாரமாகத் தினமும் சாயங்காலம் உன்னிடம் போனில் விளக்கினேனே, துணி மடித்தபடி 'ம்' கொட்டினாயே ஒழிய உருப்படியாக ஒரு யோசனை சொன்னாயா? ஒருநாள் 'ம்'மும் இல்லை. தூங்கிவிட்டாயாம் (அத்தான், மறுநாள்).

ஒரு வாரம் கழித்துக் கேட்டதில், உட்கார்ந்தவர்களுக்குச் சராசரியாக ஒன்பது சொல் நினைவிருந்தது. நடந்தவர்களுக்கும் ஒன்பதுதான், கால்வலி தனி. சொல்லிக்கொடுத்தவர்களுக்குப் பதினான்கு. கேட்டவர்களுக்கு ஆறு. இப்போது நம் வீட்டுப் பின்னறையை நினைத்துப் பார். நீ கையில் அளவுகோலோடு உன் பாடத்தை எனக்கு நடத்துவாய், நான் கட்டிலில் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "நான் சொல்லிக்குடுத்துத்தான் இவ தேறினா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இத்தனை வருடம் சொல்லியிருக்கிறாய். கணக்குப்படி சொன்னவருக்குத்தான் லாபம், கேட்டவளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. நீ முதல் வகுப்பில் தேறியதற்குக் காரணம் என் காது.

பதினாறு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்குத்தான் விரிவுரையாளர் இரண்டு முறை சரி போட்டு, வகுப்பில் வாசித்தும் காட்டினார். எழுபத்தெட்டு மதிப்பெண். நடைபாதையில் நடந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். இப்போது ஆன்ட்டியின் குறிப்பேடு கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருக்கிறது, என் கையில் மட்டும் இல்லை.

ஆகவே, அடுத்த முறை சொந்தபந்தம் கூடும்போது எல்லார் முன்னாலும் நீ எழுந்து நின்று உன் பழைய கூற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் வெற்றி நானே தனியாகப் பெற்றது. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள் (மூலம்: நானே).

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவியாகிய உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன், அதுவும் அந்தத் தாளில் பழகியதுதான். ஆறு வாரம் தினமும் சொன்னவள் நான். 'ம்' கொட்டிக் கேட்டவள் நீ. அப்படியென்றால் என் முடிவின்படியே இந்த எழுபத்தெட்டுக்குக் காரணம் உன் காது. மறுப்பதற்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றும் நிற்கவில்லை. யார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டாம், முழங்காலைப் பார்த்துக்கொள். திங்கட்கிழமை இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன், அதுவரை துணியை மடிக்காமல் வைத்திரு.