கேசட்டில் ரோசாக் ஆன இடம்

இதை எனக்கு முதலில் சொன்னது அடுத்த வீட்டு சரோஜா. இந்த எண்பத்து மூன்றாம் வருசத் தைப்பூசம் கழிந்த மறுநாள், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு சொன்னாள்.

எஸ்டேட் வரிசை வீடுகளில், எங்கள் லயத்துப் பக்கிரிசாமி, பேரனுக்குப் பேர் வைத்த அன்று, பாயசம் உள்ளே போன உற்சாகத்தில் எழுந்து நின்று, "வர்ற பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டார். ஈப்போவில் இருக்கும் மகள் அதைக் கேசட்டில் பிடித்துவிட்டாள். மனுசனுக்கோ, எஸ்டேட் ஆஸ்பத்திரி ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும்.

பூசம் நெருங்கியது. மலைப் பனிக்குக் கேசட் பூஞ்சணம் பூத்தது. முருகனே வழி விட்டான் என்று நினைத்து மனைவியிடம் பேச்சை எடுத்தார்.

"பவளம், இன்னும் ரெண்டு தடவை போட்டா நாடா அறுந்துரும். எது நல்லது, எது கெட்டுப்போய் ரோசாக் ஆயிருக்குன்னு கேட்டுப் பார்த்து, நல்லதை மட்டும் புதுக் கேசட்டுக்கு மாத்திடறேன்."

"செய்யுங்களேன்."

"சத்தம் ஆகாது. நீ சரோஜா வீட்டுக்குப் போ லா."

இரண்டு ரெக்கார்டரை எதிரெதிரே வைத்தார். ஒன்று பாடும், ஒன்று பிடிக்கும். காவடிப் பேச்சு வந்ததும் பாடுகிறதன் சத்தத்தை அடியோடு குறைத்தார். பிடிக்கிறது சுற்றிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் பழைய கேசட் அடுப்புக்குள் போனது.

சாயங்காலம் பவளம் சரோஜாவோடு கேட்க உட்கார்ந்தாள்.

"நடுவுல கொஞ்சம் ரோசாக். நான் பால்குடம் எடுக்கிறேன்னு சொன்னேன்ல, அதான் போச்சு."

"பால்குடமா?"

"பின்னே?"

பவளம் பொத்தானை அழுத்தினாள். கேசட் கரகரவென்று ஓடியது. பேர் வைத்த ஐயர் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. திடீரென்று கரகரப்பு நின்றது.

"என்னங்க இது? ரோசாக் ஆன இடந்தான் பளிச்சுன்னு இருக்கு."

கேசட்டுக்குள் ஒரு இருமல். அப்புறம் பக்கிரிசாமியின் குரல், நெருக்கமாக, உருக்கமாக: "முருகா, அந்தக் காவடி மட்டும் வேணாம்ப்பா. வேணும்னா மொட்டை போட்டுக்கறேன்."

பக்கிரிசாமியின் கையில் இருந்த தேத்தண்ணி மடியில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை. பிடிக்கிற ரெக்கார்டருக்குத் தன் வாயும் கேட்கும் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை.

"காவடிக்கு லயமே சாட்சி," என்றாள் பவளம், அமைதியாக. "மொட்டைக்குத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு. இப்ப கேசட்டு இருக்கு."

இரண்டும் நடந்தது. நம்ம மலையில் தை மாதக் குளிர் உங்களுக்கே தெரியும். அவரைக் கோயில் பக்கம் பார்த்தால் தலையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வீட்டில் பழைய கம்பளிக் குல்லாய் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.