பன்னிரண்டாம் அத்தியாயத்தில் சாக மறுத்த தபால்காரர்

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் உங்கள் தங்கை நலம். மழைக்கு ஒழுகும் சமையலறை ஜன்னலும் வழக்கம்போல் நலம். என் நாவலில் வரும் தபால்காரரும் நலமாகவே இருக்கிறார். அவர் செத்திருக்க வேண்டியவர். அதனால்தான் இந்தக் கடிதம். அவ்விடம் தங்கள் முழங்கால் வலி எப்படி என்று அறிய ஆவல்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் நாவல் எழுதுவது நீங்கள் அறிந்ததே. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவன் என்பதால் எழுத்தையும் நேரப்படிதான் நடத்துகிறேன். காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட வேண்டும். தாமதமானால் எனக்கு நானே அரைநாள் விடுப்பு கொடுத்துக்கொண்டு மறுபடியும் படுத்துவிடுவேன். உட்கார்ந்த பிறகு பேனாவுக்கு மை நிரப்பி, மேசை ஆடாமல் இருக்கக் காலுக்கடியில் அட்டை வைத்து, கீழ்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை உதைத்து உதைத்து எழுப்பும் சத்தம் அடங்கக் காத்திருந்து, ஒருவழியாக முதல் வாக்கியம் வரும் நேரம் பார்த்து உங்கள் தங்கை காய் நறுக்க மேசை வேண்டும் என்பாள். நான் வாக்கியத்தையும் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போவேன். கட்டிலைப் பார்த்ததும் வாக்கியம் தூங்கிவிடும், கூடவே நானும். இந்த லட்சணத்திலும் நாவல் முடிந்தது என்றால் அது என் விடாமுயற்சி. நான் கையால் எழுத, அவள் கணினியில் தட்டச்சு செய்தாள். வக்கீல் அலுவலகத்தில் வருடக்கணக்காகத் தட்டச்சு செய்தவள் அல்லவா, பிழையே இருக்காது என்று நம்பினேன். வக்கீல் சொன்னதை அப்படியே அடிக்காமல், கட்சிக்காரருக்கு எது நல்லதோ அதை அடித்துப் பழகிய கை அது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

நாவலை நேராகப் பதிப்பகத்துக்கு அனுப்பினால் திறந்துகூடப் பார்க்க மாட்டார்களாம். நடுவில் இலக்கிய ஏஜெண்டு என்று ஒருவர் வேண்டும். அவருக்குப் பிடித்தால் அவரே பதிப்பகத்தாரிடம் பேசி முடித்துத் தருவார். அவருக்குப் பிடிக்க வைப்பதற்குள் நமக்கு நம்மையே பிடிக்காமல் போய்விடுகிறது, மச்சான். ஒருவர் முதல் ஐந்து அத்தியாயங்களை வெட்டச் சொன்னார். இன்னொருவர் முதல் ஐந்து மட்டும் போதும், மீதியை வெட்டுங்கள் என்றார். இருவர் சொல்லையும் கேட்டால் மிஞ்சுவது தலைப்பு ஒன்றுதான். மூன்றாமவர் தலைப்பு சரியில்லை என்றார். ஒருவர் என் வயதைக் கேட்டார், சொன்னேன். நூறாண்டு வாழ வாழ்த்தி அத்தோடு நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும் நான் நாவலைத் திருத்துவேன், உங்கள் தங்கை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி தட்டச்சு செய்வாள். முகம் சுளித்ததே இல்லை என்பதை இங்கே நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஐந்தாவது ஏஜெண்டம்மாளிடமிருந்து பதில் வந்தது. நாவல் பிடித்திருக்கிறதாம், எடுத்துக்கொள்கிறாராம். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். பிறகுதான் அடுத்த வரியைப் படித்தேன். பாலம் உடைந்த பிறகும் தபால்காரர் நனைந்த பையோடு கரையேறி வரும் இடத்தில் அந்த அம்மாள் அழுதுவிட்டாராம். கடைசி அத்தியாயத்தில் அவரும் தையல்கடைக்காரியும் சேர்வதில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாதாம். மச்சான், பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பாலம் உடையும்போது அவரை ஆற்றில் விட்டவன் நான். அவர் எங்கே கரையேறினார்? தையல்கடைக்காரி ஒரே ஒரு முறை, அதுவும் பட்டன் தைக்க வந்தவள். துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் தங்கையிடம் போய், செத்தவரை எழுப்பியது யார் என்று கேட்டேன்.

"நான்தான். நாலு தடவை அந்த மனுஷன் சாகறத என் கையால அடிச்சேங்க. அஞ்சாவது தடவை கை வரல."

"நாவலோட உயிரே அந்தச் சாவுலதான் இருக்கு. அது தெரியுமா உனக்கு?"

"அவரு உயிரு எதுல இருக்குன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா நீங்க?"

கோபத்தில் ஏஜெண்டம்மாளுக்கு ஒரு பதில் எழுதினேன். தபால்காரர் சாவார், அதில் மாற்றமில்லை, சம்மதமில்லை என்றால் நாவல் தங்களுக்கு இல்லை என்று எழுதி, அதை உங்கள் தங்கையிடமே கொடுத்துத் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னேன். அவள் கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் நானும் கொஞ்சம் முறைத்துவிட்டு இறங்கி வந்திருப்பேன். அவளோ உடனே உட்கார்ந்து அடித்தாள். அனுப்பியாயிற்றா என்று கேட்டேன், ஆயிற்று என்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே போட்டு உடைத்துவிட்டேன். எனக்கு அந்த ஏஜெண்டு வேண்டும், மச்சான். இந்த வயதில் இன்னொரு சம்மதம் வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. இதில் கொடுமை என்னவென்றால், கரையேறும் அத்தியாயத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் படித்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் நாவலாசிரியன் தட்டச்சரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? நீங்கள் இந்தப் பக்கம் வருவதுபோல் வந்து, அனுப்பியதைத் திரும்பப் பெற வழி உண்டா என்று நீங்களாகவே கேட்பதுபோல் அவளிடம் கேட்டுச் சொல்ல வேண்டும்.

என் கையெழுத்து உங்களுக்குப் புரியாது என்பதால் இதையும் அவளிடம்தான் தட்டச்சுக்குக் கொடுக்கிறேன். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, தட்டச்சு செய்யும்போது அர்த்தத்தைக் கவனிக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் முழங்காலுக்கு வலிமையும், இல்லத்தில் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், என் நாவலுக்கு ஒரு விடிவும் கிட்ட வேண்டும் என்று வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். அவர் சொன்னபடி ஒரு சொல்லையும் மாற்றவில்லை, அர்த்தத்தையும் கவனிக்கவில்லை. நீ முழங்கால் வலியோடு பஸ் ஏறி வர வேண்டாம். ஏஜெண்டம்மாளுக்கு அவர் எழுதிக் கொடுத்தது "நாவல் தங்களுக்கு இல்லை" என்றுதான். அடித்து முடித்துப் பார்த்தால் "மிக்க மகிழ்ச்சியுடன் சம்மதம்" என்று இருந்தது, அப்படியே அனுப்பிவிட்டேன். ஒப்பந்தம் வியாழக்கிழமை வருகிறது. அதுவரை அவரிடம் மூச்சு விடாதே. இரண்டு நாள் நன்றாகத் தவிக்கட்டும். அவர் இப்போது அடுத்த நாவலை ஆரம்பித்துவிட்டார். அதில் ஒரு தட்டச்சுக்காரி வருகிறாளாம், மூன்றாம் அத்தியாயத்திலேயே செத்துவிடுவாளாம். எழுதட்டும், எப்படியும் தட்டச்சுக்கு என்னிடம்தானே வர வேண்டும்.