லைசென்ஸ் இருக்கா?

இந்த ஆசாமியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். புது வீட்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவர் மட்டும் அண்ணாந்து, கூரையில் குளிர்காற்று வரும் ஓட்டையைப் பார்ப்பார். இவர்தான் ‘லைசென்ஸ் இருக்கா’ ஆசாமி. டெக்சஸ் வெயிலில் நன்றாக விளையும் ஜாதி.

கொடுத்த காபியை வாங்கிக்கொள்வார், கொலாச்சி பன்னில் ஒரு கடி கடிப்பார், மென்றுகொண்டே, “இந்த ஏசியை யாரு போட்டது?” என்பார். “பக்கத்துத் தெருவில ஒருத்தர்…” என்று நீங்கள் ஆரம்பித்தால் தொலைந்தீர்கள். லைசென்ஸ் உள்ளவரிடம் வருஷக்கணக்கில் வேலை பார்க்காமல், பரீட்சை எழுதாமல், இன்சூரன்ஸ் எடுக்காமல், வகுப்பில் போய் உட்காராமல், வருஷா வருஷம் புதுப்பிக்காமல், வண்டியின் இரண்டு பக்கமும் லைசென்ஸ் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதாமல் இந்த மாநிலத்தில் ஒருவன் அடுத்தவன் ஏசியைத் தொட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். காபி ஆறிப்போகும். கடைசியில், “எனக்கென்ன வந்துச்சு? சட்டத்தைச் சொன்னேன்” என்பார். யாராவது கேட்டார்களா? இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது, இவர் சர்ச்சுக்கு வெளியே குந்திக்கொண்டு, அடுத்தவர் வண்டியில் எழுதியிருக்கும் எண்ணின் உயரத்தை டேப் வைத்து அளந்துகொண்டிருப்பார். அரை இஞ்ச் குறைந்ததா? திங்கட்கிழமை மாநில அலுவலகத்துக்குப் புகார் பறக்கும். ஊரின் இன்னொரு ஏசி கான்டிராக்டரான வாண்டா கோபெக்கி மீது அப்படி ஒன்றுக்கு மூன்றாகப் பறந்தது.

இவ்வளவு விவரம் எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தப் புகார்களை எழுதிய மகானுபாவர் அடியேன்தான். பெயர் டெல்பர்ட் ஹ்ருஷ்கா, தொழில் ஏசி கான்டிராக்ட்.

போன ஆகஸ்டில் என் மகள் டார்லாவுக்குக் கல்யாணம். சர்ச்சில் மோதிரம் மாற்றியாயிற்று, பின்னாலிருக்கும் மண்டபத்தில் விருந்து. விருந்தில் அப்பாவும் பெண்ணும் சேர்ந்து ஆட வேண்டும். அது எங்கள் வழக்கம். மேடையில் கால் தடுக்கி மானம் போகக்கூடாதே என்று ஒரு மாதமாகக் கார் ஷெட்டில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு ஆடிப் பழகியிருந்தேன். ஒரே பெண். அந்த ஓர் ஆட்டத்துக்காகத்தான் அன்றைக்கு எனக்குப் பொழுதே விடிந்தது.

இறைச்சியை வெட்டிப் பரிமாற ஆரம்பித்தார்கள். மண்டபத்து ஏசி படுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கல்யாணக் கேக்கின் மேல்தட்டு மெதுவாகக் கீழ்த்தட்டுக்கு இறங்கி வரத் தொடங்கியது.

பின்பக்கம் ஓடினேன். என் மனைவியின் தம்பி எமில் அதற்குள் மிஷினைத் திறந்துவிட்டிருந்தான்.

“கப்பாசிட்டர் போயிடுச்சு அத்தான். என் வண்டியில புதுசு ஒண்ணு கிடக்கு. அஞ்சே நிமிஷம்.”

எமில் நல்ல வேலைக்காரன். ஆனால் லைசென்ஸ் கிடையாது.

“கையை எடுடா! லைசென்ஸ் இருக்கா?”

“உள்ள ஜனங்க வெந்துட்டிருக்காங்க, இப்பப் போயி…”

“வெந்தா வேகட்டும். சட்டம் சட்டம்தான். நகரு, நான் பண்றேன்.”

“பண்ணுங்க. மொதல்ல உங்க லைசென்ஸைக் காட்டுங்க பார்ப்போம்.”

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதானே இத்தனை வருஷமாக அலைகிறேன்! பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். என் பர்ஸில் பெண்டாட்டி படத்துக்கும் அதற்குப் பின்னால்தான் இடம். எமில் படித்தான். திரும்பவும் ஒரு தடவை படித்தான்.

“அத்தான், இது போன மாசமே முடிஞ்சு போச்சே.”

ஊரில் யார் லைசென்ஸ் எப்போது முடிகிறது என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, ‘புதுப்பிச்சியா, புதுப்பிச்சியா’ என்று உயிரை எடுத்த மும்முரத்தில் என்னுடையதைப் புதுப்பிக்க மறந்து தொலைத்திருக்கிறேன்.

புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? சத்தம் போடாமல் மச்சினனுக்கு வழிவிட்டிருப்பான். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மிஷினுக்கு முன்னால் நின்றேன்.

“இப்ப நீயும் தொடக்கூடாது, நானும் தொடக்கூடாது!”

வாண்டாவுக்குப் போன் போட்டேன். வேறு வழி?

“யாரு, டெல்பர்ட்டா? இந்தத் தடவை என் வண்டியில என்ன குறையாம்?”

“குறையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. மண்டபத்து ஏசி நின்னுடுச்சு. கொஞ்சம் வந்துட்டுப் போயேன்.”

“வரேன், வரேன். எண்ணெல்லாம் சரியா இருக்கான்னு அளந்து பார்த்துட்டுத்தானே வண்டியை எடுக்கணும்?”

எமில் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனான். நான் காவல் காத்தேன். கல்யாண கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டார்லா வந்தாள்.

“அப்பா, நம்ம பாட்டு ஆரம்பிக்கப் போறாங்க. வாங்க.”

“ஒரே நிமிஷம் கண்ணு. வாண்டா வந்துடட்டும். நான் இந்தப் பக்கம் நகர்ந்தா உன் மாமன் கையை வச்சிடுவான்.”

“வச்சா வைக்கட்டுமேப்பா!”

“சட்டம்னு ஒண்ணு இருக்கில்லம்மா…”

அவள் என்னைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள். “சரிப்பா, நீங்க அதுகூடவே இருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளே அக்கார்டியன் இசை ஆரம்பித்தது. எங்கள் பாட்டுதான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேர்த்து ஊற்ற ஊற்ற என் பெண் தாய்மாமனோடு ஆடிக்கொண்டிருந்தாள். எமிலுக்கு ஆட்டம் சுத்தமாக வராது. அவள் காலை மிதித்தான்; இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதாவது உள்ளே ஓடினேனா? ஓடவில்லை. மிஷின் திறந்து கிடந்ததே!

பாட்டு முடிந்த பிறகு வாண்டா வந்தாள், கப்பாசிட்டரை மாற்றினாள், மிஷின் உறுமியது. உள்ளே கைதட்டினார்கள். அவர்களுக்குக் குளிர்காற்று, அது வெளியே தள்ளிய அனல் முழுவதும் என் மூஞ்சியில்.

“பொண்ணோட ஆடலையா?” என்றாள் வாண்டா.

“ஆயிடுச்சு” என்றேன். யாரோடு என்று அவள் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்கும் ஏசிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால், ‘கேவலம் ஒரு கப்பாசிட்டர் மாற்றுவதற்கு லைசென்ஸ் எதற்கு? இந்த ஆள் சட்டத்தைத் தப்பாகச் சொல்கிறான்’ என்று நடுவில் உங்கள் நாக்கு துறுதுறுத்ததா இல்லையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். அதைச் சரிபார்க்கத்தானே இன்னும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்? பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ‘ஒரே நிமிஷம்’ என்றீர்கள். எழுந்து போங்கள் ஐயா. உங்களுக்குப் பாட்டு இன்னும் முடிந்திருக்காது.